ட்ரெஸ்ரோசாவில் மாட்டிக்கிட்டேன், ஒன் பீஸை இத்தோட விட்டுடலாமா?

பீஸ்ரேட் கேட்டது:

(எச்சரிக்கை: கதை விவரம் கீழ இருக்குதுங்க.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், எழுதறது இப்பத்தான். திட்டறதா இருந்தா கொஞ்சம் பாத்துத் திட்டுங்க.

நான் திருப்பூர். பனியன் கம்பெனில செக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீடு வந்து சேர ஒன்பதரை ஆயிரும். சாப்பிட்டு, பாப்பாவைத் தூங்க வச்சு, வீட்டுல அவங்களும் படுத்ததுக்கு அப்புறம் எனக்குன்னு கிடைக்கறது முக்கா மணி நேரம். காதுல ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ஒன் பீஸ், அதாங்க அந்த ஜப்பான் கடல்கொள்ளைக்காரங்க கார்ட்டூன் தொடர், அதுல ஒரு எபிசோட், நல்ல நாளா இருந்தா ரெண்டு. இப்படியே 2023-ல ஒன்னாம் எபிசோட்ல ஆரம்பிச்சு இப்ப 730-ஐத் தாண்டிட்டேன்.

ஆரம்பிச்சு வச்சது அக்கா பையன். "மாமா, ஒரு நூறு எபிசோட் மட்டும் பொறுத்துக்க, அப்புறம் நீயே விடமாட்டே"ன்னான். நூறு எபிசோடுன்னா நாப்பது மணி நேரம்! பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போறவங்க இப்படியா சொல்லுவாங்க? ஆனா அவன் சொன்ன அளவுக்குப் பொறுக்கவே தேவைப்படலைங்க. நாமிங்கற பொண்ணு அழுதுக்கிட்டே "உதவி பண்ணு"ன்னு கேக்க, ஹீரோ லூஃபி ஒரு வார்த்தையும் விசாரிக்காம தன் தொப்பியை அவ தலையில வச்சுட்டு நடப்பான் பாருங்க, நான் அங்கயே விழுந்துட்டேன். அது 37-ஆவது எபிசோட்தான்.

இப்ப பிரச்சனை ட்ரெஸ்ரோசாங்கற நாட்டுல நடக்கற பகுதி. லூஃபி சண்டையில சக்தி தீந்து விழுந்துட்டான். திரும்ப எந்திரிக்கப் பத்து நிமிஷம் வேணுமாம். சரி, பத்து நிமிஷந்தானேன்னு பாத்தா நாலஞ்சு ராத்திரி ஓடிருச்சு, அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியலை.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுல ஊருக்குப் போயிருந்தாங்க. செக்கிங்ல உக்காந்து பழகின கை சும்மா இருக்குமா? பாப்பாவோட நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, 700-க்கு மேல ஒரு எபிசோடை நிறுத்தி நிறுத்திக் கணக்கெடுத்தேன். மொத்தம் 24 நிமிஷம். பாட்டு ரெண்டரை. அப்புறம் போன வாரம் நடந்த கதை, அது முடியறப்ப கடிகாரத்துல அஞ்சே கால். கடைசியில அடுத்த வாரம் என்னன்னு அரை நிமிஷம். நடுவுல யாராவது ஒருத்தன் ஒரு அடி அடிச்சா, அதைப் பாத்து வாயைப் பொளக்கற மூஞ்சிங்க மட்டும் 31. நாலு கோடு, குறுக்க ஒன்னு, அப்படி ஆறு கட்டு, மேல ஒத்தைக் கோடு. ஒரே குத்தை மூணு பக்கமிருந்து காட்டினது ரெண்டு தடவை. மலையில ஓடறவங்க ஓடிக்கிட்டே இருக்காங்க. இதெல்லாம் கழிச்சா, புதுசா ஏதோ ஒன்னு நடந்தது பதினொன்றரை நிமிஷம்.

எங்க தொழில்ல பீஸ் ரேட்டுன்னு ஒன்னு உண்டு. மெஷின் எவ்வளவு நேரம் ஓடுச்சுங்கறது கணக்கில்லை, எத்தனை பீஸ் முடிஞ்சுதோ அதுக்குத்தான் கூலி. ஒன் பீஸுக்குப் பீஸ் ரேட் போட்டா ட்ரெஸ்ரோசாவுக்குப் பாதிக் கூலி தேறாதுங்க.

இதுல ரசிகருங்க தொல்லை வேற. 2023 ஆகஸ்ட்ல நான் கதையில அலபாஸ்டா பாலைவனத்துல நடந்துக்கிட்டு இருக்கேன், ஃபோனைத் திறந்தா எங்க பாத்தாலும் வெள்ளை முடி லூஃபி. யூடியூப் திறந்தா வெள்ளை முடி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெள்ளை முடி, எங்க அயர்னிங் பையன் ஃபோனோட முகப்புலயும் வெள்ளை முடி. ஆயிரம் எபிசோட் தள்ளி வர்ற விஷயம் எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. ஒரு குரூப்ல சேந்தேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா லூஃபி கூட்டாளிங்கள்ல ஸோரோ பெருசா சான்ஜி பெருசான்னு 300 மெசேஜ். "கொஞ்சம் இழுக்குதே"ன்னு ஒரே ஒரு வரி போட்டேன். "உனக்கெல்லாம் ரீல்ஸ்தான் லாயக்கு"ன்னு ஒருத்தர் சொல்ல, அதுக்கு நாப்பது பேர் சிரிச்ச பொம்மை.

கேள்வி இதுதாங்க. விட்டுடலாமா, தாண்டித் தாண்டிப் பாக்கலாமா, இதோட மூலமான படக்கதை, அதான் மங்கா, அதுக்கு மாறிக்கலாமா? விடமுடியாததுக்குக் காரணமும் சொல்லிடறேன். இதே ட்ரெஸ்ரோசாவுல லாங்கறவனோட சின்ன வயசுக் கதை வருதில்ல, கோரசான் அவனைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சு, அவன் அழற சத்தம் வெளிய கேக்காம தன் சக்தியால அடக்கி வைப்பானே, அதைப் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரி தூங்கலை. அது மாதிரி இன்னொன்னு முன்னாடி எங்கயாவது இருந்து, நான் அதுக்கு முன்னாலயே எறங்கிட்டா?

---

மங்காப்பூனை:

ட்ரெஸ்ரோசாவில் மாட்டாத ஆளே கிடையாது, கவலைப்படாதீர்கள். உங்கள் நோட்டுக் கணக்கு சரிதான். அதை வேறு வழியிலும் போட்டுப் பார்க்கலாம். ட்ரெஸ்ரோசா மங்காவில் 700 முதல் 801 வரை, 102 அத்தியாயம். அனிமேவில், அதாவது நீங்கள் பார்க்கும் கார்ட்டூனில், 629 முதல் 746 வரை, 118 எபிசோட். ஒரு எபிசோடுக்கு ஒரு அத்தியாயம்கூட இல்லை. ஆரம்பத்தில் எப்படி இருந்தது தெரியுமா? முதல் நூறு அத்தியாயத்தை ஏறக்குறைய 53 எபிசோடில் முடித்தார்கள். நீங்கள் நாமியிடம் விழுந்த காலத்தில் ஒரு எபிசோடுக்கு இரண்டு அத்தியாயம் வாங்கிக்கொண்டு இருந்தீர்கள். இப்போது ஒன்றுகூட இல்லை. கூலி குறைந்தது உண்மை.

ஒரு அத்தியாயம் என்பது பதினேழு பக்கம் போல. படிக்க ஐந்து நிமிடம். மங்காவை வரையும் ஒடா 1997 ஜூலையில் எழுத ஆரம்பித்தார், அனிமே 1999 அக்டோபரில் வந்தது. கையில் இரண்டு வருடச் சரக்கு இருந்தது, தாராளமாகச் செலவழித்தார்கள். அனிமேவுக்கு வாரா வாரம் எபிசோட் வேண்டும். ஒடா வாரா வாரம் வரைந்தாலே அந்தச் சரக்கு தீர்ந்துபோகும், அவரோ நடுநடுவே ஓய்வும் எடுக்கிறார் (எடுக்கட்டும், மனுஷன்தானே). அனிமே பின்னாலேயே ஓடிவந்து மங்காவின் குதிகாலை மிதிக்கப் பார்க்கும். அப்போது என்ன செய்வது?

நருட்டோ தொடர் செய்தது ஒன்று. மங்காவில் இல்லாத கதைகளைத் தாங்களே கட்டி ஓட்டுவது. முதல் நருட்டோவில் 136 முதல் 219 வரை பார்த்தவர்களைக் கேளுங்கள், எண்பது வாரத்துக்கு மேல் முக்கியக் கதை ஒரு அடி நகராது. அட்டாக் ஆன் டைட்டன் போல நிறுத்திவிட்டுப் போவது இன்னொன்று. 2013-ல் முதல் சீசன், அடுத்தது 2017-ல்தான். அதில் கடைசிக் கூத்தையும் சொல்ல வேண்டும். "இறுதி சீசன்" என்று 2020 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். அப்புறம் இறுதி சீசன் இரண்டாம் பாகம், அப்புறம் மூன்றாம் பாகம், அதையும் இரண்டாக வெட்டி, ஒருவழியாக 2023 நவம்பரில் முடித்தார்கள். கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று முக்கால் மணி நேரம் பேசும் பெரியப்பா மாதிரி. மூன்றாவது வழி, முடிவையே தாங்களாக எழுதிக்கொள்வது. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 2003-ல் அதைச் செய்தது, பிறகு 2009-ல் மங்காவின்படியே முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள்.

ஒன் பீஸ் இதில் எதையும் பெரிதாகச் செய்யவில்லை. நிறுத்தவும் இல்லை, வெளிக்கதையை நிறையச் சேர்க்கவும் இல்லை. மாவில் தண்ணீரை ஊற்றினார்கள்.

ஒன்று மட்டும் அவர்கள் பக்கம் நின்று சொல்லலாம். அந்த நாட்களில் அது ஜப்பானில் ஞாயிறு காலை 9.30-க்கு வந்த நிகழ்ச்சி. பார்க்கிற பிள்ளை போன ஞாயிற்றுக்கிழமைக் கதையை மறந்திருக்கும், மூன்று நிமிடம் ஞாபகப்படுத்தினால் அதற்கு நல்லது. பாட்டு வரும்போது எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டு வரும். வாரத்துக்கு ஒருநாள் போட்டுக்கொள்ளத் தைத்த சட்டையை நீங்கள் தினமும் ராத்திரி போடுகிறீர்கள். அக்குளில் இடிக்கத்தான் செய்யும்.

இழுவை என்பதைத் தயாரிப்புத் தரப்பே ஒருவகையில் ஒத்துக்கொண்டுவிட்டது. 2024 அக்டோபரில் ஆறு மாதம் இடைவெளி விட்டபோது, பழைய மீன்மனிதர் தீவுக் கதையைச் சுருக்கி 21 எபிசோடாக மறுபடி ஒளிபரப்பினார்கள். அது முதலில் ஐம்பதுக்கும் மேல் ஓடியது. 2026 முதல் வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்றும் அறிவித்திருக்கிறார்கள். நெட்ஃப்ளிக்ஸுக்காக விட் ஸ்டுடியோ முதலிலிருந்து புதிதாக எடுக்கப்போவதாக 2023 டிசம்பரிலேயே செய்தி வந்தது. ஆனால் அதற்காகக் காத்திருந்தால் உங்கள் பாப்பா கல்லூரிக்குப் போய்விடும்.

என் யோசனை: ட்ரெஸ்ரோசா முடியும்வரை மங்கா. வலமிருந்து இடமாகப் படிக்கப் பழக நாலு நாள் ஆகும், அவ்வளவுதான்.

---

ஆனைமலை_ஸோரோ:

தாண்டித் தாண்டி பார்க்கிறவன் ரசிகனே கிடையாது ப்ரோ. இது பயணம். ஒவ்வொரு முகமும் முக்கியம். அந்த 31 முகத்தில் ஒன்று 900-க்கு மேல் திரும்ப வரும், அப்போது யார் இவன் என்று முழிப்பீர்கள். நான் மூன்று தடவை முழுதாகப் பார்த்திருக்கிறேன், பாட்டைக்கூடத் தாண்டியதில்லை. பொறுமை இல்லை என்றால் 12 எபிசோடில் முடிகிற எதையாவது பாருங்கள், நிறைய இருக்கிறது. லாரி மோதிச் செத்துப்போய் வேற உலகத்தில் பிறக்கிற கதை வருடத்துக்கு நூறு வருகிறது.

ஸோரோதான் பெரியவர். இதில் 300 மெசேஜ் எதற்கு?

---

இட்லிமாவு:

தம்பி பீஸ்ரேட், உங்கள் கஷ்டம் நேரம். என் கஷ்டம் ஹால்.

மகளுக்கு 13 வயது. அவளும் நானும் சேர்ந்து பார்க்கிறோம், டிவியில். லூஃபி கூட்டத்தில் அவளுக்கு ராபினைப் பிடிக்கும், எனக்கு உசோப்பை. (பயந்துகொண்டே பொய் சொல்கிற ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும், கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே.) எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கதையில் இரண்டு வருடம் கழித்து எல்லாரும் திரும்ப ஒன்று கூடுகிறார்கள் இல்லையா, அங்கேதான் வந்தது வினை. லூஃபிக்கு நெஞ்சில் தழும்பு, ஸோரோவுக்கு ஒரு கண் போச்சு. நாமிக்கும் ராபினுக்கும் மட்டும் சட்டைத் துணி போச்சு. மாமனார் பேப்பரோடு ஹாலுக்கு வருகிற நேரம் பார்த்து நாமி திரையில் நிற்பாள். நான் ரிமோட்டைத் தேடுவேன். எங்கள் வீட்டில் கிரிக்கெட் ஸ்கோர் இவ்வளவு தடவை பார்க்கப்பட்டது அந்த மாதம்தான்.

நான் கோபப்பட்டதைவிட மகள் கேட்டதுதான் உறைத்தது. "அம்மா, ஆம்பளைங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. பெருமாள் தேர் மாதிரி ஒருத்தர், ஊசி மாதிரி ஒருத்தர், ஒருத்தர் எலும்புக்கூடே. பொண்ணுங்க மட்டும் ஏன் ஒரே அச்சுல?" என்றாள். பதில் தெரியவில்லை. ரசிகர்கள் கூடுகிற இடத்தில் இதைக் கேட்டால், "பிடிக்கலைன்னா பாக்காதீங்க ஆன்ட்டி" என்பதுதான் பதில். பிடித்திருப்பதால்தானே கேட்கிறேன்?

கோரசான் வந்த அன்று இருவரும் சாப்பிடவில்லை. ஆகவே விடாதீர்கள். ட்ரெஸ்ரோசாவில் நாங்கள் செய்தது இதுதான்: எபிசோட் ஆரம்பித்ததும் நேராக ஐந்தாவது நிமிடத்துக்குப் போய்விடுவோம். மகள் அதற்கு "படி தாண்டுறது" என்று பேர் வைத்திருக்கிறாள்.

---

பழைய_விசிஆர்:

பத்து நிமிஷம் நாலஞ்சு ராத்திரி ஓடினதுக்கே இப்படியா? டிராகன் பால் ஸீயில் "இந்தக் கிரகம் இன்னும் அஞ்சு நிமிஷத்தில் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு எத்தனை எபிசோட் ஓட்டினார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

அதுகூடப் பரவாயில்லை. 2009-ல் ஹருஹி சுசுமியா தொடர் இரண்டாவது தடவை வந்தபோது வாரா வாரம் காத்திருந்து பார்த்தவன் நான். கோடை விடுமுறைக் கடைசி இரண்டு வாரம் திரும்பத் திரும்ப நடக்கிற மாதிரி ஒரு கதை. நல்ல கரு. அதை ஒரு எபிசோடில் சொல்லியிருக்கலாம். எட்டு வாரம், எட்டு எபிசோட், ஒரே கதை. பழைய படத்தையே திரும்பப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைந்து, புதிதாகப் பேசவைத்து, துணிமணியை மாற்றி, அதே நீச்சல் குளம், அதே திருவிழா. நாலாவது வாரம் டிவி கெட்டுப்போச்சோ என்று சந்தேகம் வந்தது. ஆறாவது வாரம் எனக்கே ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கதைக்குள்ளே அவர்கள் அதை 15,532 தடவை வாழ்கிறார்களாம், எட்டோடு விட்டது தயவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அன்று பார்த்த மற்ற எதுவும் ஞாபகமில்லை. அந்த எட்டு மட்டும் சட்டை நிறத்தோடு ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஸ்பாய்லர் பற்றிப் புலம்புகிற பதிவிலேயே வெள்ளை முடியையும் பெட்டிக்குள் பையனையும் எழுதிவிட்டீர்கள். எச்சரிக்கை ஒன்று மேலே போட்டுவிடுங்கள். நான் இன்னும் அலபாஸ்டாவில்தான் இருக்கிறேன்.

---

பீஸ்ரேட்:

ஐயோ, விசிஆர் அண்ணா, மன்னிச்சுக்கங்க. மேல எச்சரிக்கை போட்டாச்சு. எனக்கு நடந்ததை நானே இன்னொருத்தருக்குப் பண்ணிட்டேன், வீட்டுல சொன்னா சிரிக்கறாங்க.

பூனை, நீங்க சொன்ன அந்த ஞாயித்துக்கிழமைக் கணக்கு எனக்குத் தோணவே இல்லை. மங்கா ரெண்டு நாள் பாத்தேன். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுருது, நிசந்தான். ஆனா என் ஃபோன் சின்னது, செக்கிங்ல நாள் பூரா டியூப் லைட்டுக்குக் கீழ தையல் பாத்த கண்ணு. சத்தமும் இல்லை. எனக்குக் குரல் வேணும்ங்க. லூஃபி கத்தறது காதுல விழுந்தாத்தான் அன்னிக்குப் பொழுது முடிஞ்ச மாதிரி இருக்குது.

ஆனைமலை தம்பி, மூணு தடவை முழுசாப் பாத்தீங்களா? உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைக்கறேன். கோவிச்சுக்காதீங்க. ரசிகனே இல்லைன்னு சொல்றதுதான் எனக்கு ஒத்து வரலை. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படம் தமிழ்லயும் தியேட்டருக்கு வந்துச்சில்ல, அக்கா பையனோட போயிருந்தேன். பின்னாடி சீட்டுல காலேஜ் பசங்க ரெண்டு பேர். ஒருத்தன் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடியே யாரு சாவாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தான். இன்னொருத்தன் இடைவேளைல சொல்றான், "டப்பிங்ல பாக்கறவனெல்லாம் ஆளே இல்லடா"ன்னு. தமிழ் ஷோவுக்கு டிக்கெட் எடுத்து, தமிழ் ஷோவுக்குள்ள உக்காந்துக்கிட்டு! எங்க முன்னாடி வரிசைல ஒரு பாட்டி, பேரனைக் கூட்டிட்டு வந்தவங்க, வில்லன் அகாஸாவோட பழைய கதை வந்தப்ப முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க. அவங்களுக்கு அது யாரு என்னன்னு ஒன்னும் தெரியாது, முன்னாடி ஒரு எபிசோடும் பாத்திருக்க மாட்டாங்க. அவங்க ரசிகையா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

இட்லிமாவு அக்கா, படி தாண்டற வழிதான் எனக்குச் சரியா வந்துச்சு. திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சேன். நேரா அஞ்சாவது நிமிஷம், மூஞ்சிங்க வரிசையா வந்தா பத்துப் பத்து நொடியா ரெண்டு தட்டு. 24 நிமிஷ எபிசோட் 15-ல முடியுது. முக்கா மணி நேரத்துல மூணு எபிசோட்! அந்தப் பத்து நிமிஷமும் ஒருவழியா முடிஞ்சுது. லூஃபி எந்திரிச்சு, ஊரே பாக்க, மேலிருந்து ஒரே குத்து விட்டானே, அதை மட்டும் தட்டாமப் பாத்தேன். சொல்ல வெக்கமா இருக்குது, அங்கயும் மூஞ்சி மூஞ்சியாத்தான் காட்டினாங்க. கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்த சனங்க. அங்க ஒன்னையும் தாண்டத் தோணலை. நோட்டுல கோடும் போடலை.

உங்க மக கேட்டதை எங்க வீட்டுலயும் சொன்னேன். "எங்க டம்மி பொம்மை மாதிரி"ன்னாங்க. அவங்க முன்னாடி டெய்லர்.

746 இன்னிக்கு ராத்திரி முடிஞ்சுரும். இன்னும் ஒரே ஒரு கேள்வி. அடுத்து ஸோ கதை 751-ல ஆரம்பிக்குதாம், நடுவுல 747-ல இருந்து 750 வரைக்கும் மங்காவுல இல்லாத நாலுன்னு அக்கா பையன் சொல்றான். அதைப் பாக்கணுமா?

---

மங்காப்பூனை:

வேண்டாம். நேராக 751.

---

ஆனைமலை_ஸோரோ:

பாருங்க ப்ரோ. நாலுதானே.

(கல்யாணம் ஆகலைதான்.)